சுதந்திர நாளன்று ஜெயிலில் கொடி ஏற்றியவர்

ஏ.கே.கோபாலன் வாழ்க்கைக் கதை

1947-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 14-ந் தேதி இரவு. நாடு முழுவதும் மக்கள் தூங்காமல் விழித்திருந்தார்கள். விடிந்தால் சுதந்திரம்!

கண்ணனூர் பெரிய ஜெயிலில், தனிக் கொட்டடியில் அடைக்கப்பட்டிருந்த ஒரு கைதியும் அன்று இரவு தூங்கவில்லை. ஜெயிலின் நாலா பக்கங்களில் இருந்தும் வாழ்த்து முழக்கங்கள் அவர் காதில் விழுந்து கொண்டே இருந்தன. அந்தச் சுதந்திரத்துக்காக 17 ஆண்டுகளுக்கு முன்பே ஜெயிலுக்குப் போனவர் அவர். வெள்ளைக்காரன் மூட்டை கட்டி விட்டான். ஆனால் அவர் இருந்த அறையின் பூட்டு மட்டும் திறக்கவில்லை.

பொழுது விடிந்தது. தன்னிடம் பத்திரமாக வைத்திருந்த தேசியக் கொடியை அவர் கையில் எடுத்தார். ஜெயில் வளாகத்தின் ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை அதை ஏந்தி நடந்தார். கைதிகள் எல்லோரும் கூடினார்கள். கூரை மீது கொடி ஏறியது. சுதந்திரம் என்றால் என்ன என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

கைதியின் பெயர் ஏ.கே.கோபாலன். மலையாள மக்களுக்கு ஏ.கே.ஜி.

சொந்த நாட்டின் சர்க்காரே ஒருவரைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறது. அவரோ அந்த நாட்டின் கொடியை ஏற்றி வணங்குகிறார். சர்க்கார் வேறு, நாடு வேறு என்ற பாடத்தை அவர் அன்றே படித்து விட்டார். அந்தப் பாடத்துக்காக அவர் கொடுத்த விலை பெரியது.

பள்ளிக்கூட வாத்தியார்

கோபாலன் 1904-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 1-ந் தேதி பிறந்தார். ஊர், கண்ணனூருக்கு அருகே உள்ள மாவிலாயி. ஆயில்யத்து குற்றியாரி கோபாலன் நம்பியார் என்பது முழுப் பெயர். நிலபுலம் உள்ள குடும்பம். சாப்பாட்டுக்குக் குறைவு இல்லை. பிற்காலத்தில் நாடு அறிந்த பெயரில் நம்பியார் என்ற சொல் இல்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தில் மலபார், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஒரு ஜில்லா. கண்ணனூர்க்காரருக்கும், கோவைக்காரருக்கும், திருநெல்வேலிக்காரருக்கும் ஒரே தலைநகரம், ஒரே ஐகோர்ட்டு. கோபாலனின் வாழ்க்கையில் சென்னையும் வேலூரும் சேலமும் வருவதற்கு அதுதான் காரணம்.

படிப்பை முடித்ததும் பள்ளிக்கூட ஆசிரியர் ஆனார். சுமார் ஏழு ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தார். மாதம் பிறந்தால் சம்பளம்; ஊரில் மரியாதை. ஆனால் காந்தியடிகளின் இயக்கம் அவரை இழுத்தது. 1927-ல் காங்கிரசில் சேர்ந்தார். கதர் இயக்கம், தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றம் என்று பள்ளி முடிந்த நேரம் எல்லாம் ஊர் ஊராகச் சுற்றினார்.

1930-ல் உப்பு சத்தியாகிரகம் வந்தது. கோபாலன் வேலையை உதறி விட்டுப் போராட்டத்தில் குதித்தார். ஜெயில் கிடைத்தது. அது முதல் தடவை. அதற்குப் பிறகு எத்தனையோ தடவைகள்!

கோவில் வாசலில் அடி

1931-ம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ந் தேதி குருவாயூர் சத்தியாகிரகம் தொடங்கியது. எல்லாச் சாதியினரையும் கோவிலுக்குள் விட வேண்டும் என்பது கோரிக்கை. கே.கேளப்பன் தலைமை தாங்கினார். தொண்டர் படையின் தலைவர், 27 வயது கோபாலன்.

கோவிலைச் சுற்றி வேலி கட்டினார்கள். தொண்டர்கள் வெயிலிலும் மழையிலும் வாசலில் நின்றார்கள். திருப்பி அடிக்கக் கூடாது என்பது கட்டளை. எதிர்த்தவர்கள் கோபாலனை அடித்துப் போட்டார்கள். பலத்த காயம். செய்தி பரவியதும் கூட்டம் திரண்டது. கோவிலே சில வாரங்கள் மூடிக் கிடந்தது.

1932-ல் கேளப்பன் உண்ணாவிரதம் இருந்தார். காந்தியடிகள் கேட்டுக் கொண்டதன் பேரில் அதை நிறுத்தினார். பிறகு பொன்னானி தாலுகாவில், கோவிலுக்குப் போகும் உரிமை உள்ள மக்களிடம் வீடு வீடாகச் சென்று கருத்துக் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் கதவைத் திறக்கத்தான் சொன்னார்கள். ஆனாலும் கதவு உடனே திறக்கவில்லை. சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பிறகு, 1947-ல்தான் திறந்தது.

அந்நியனிடம் இருந்து விடுதலை கேட்பவன், தன் ஊரில் தன்னால் அடிமைப்பட்டிருப்பவனுக்கு முதலில் விடுதலை கொடுக்க வேண்டும் என்பது கோபாலனின் கொள்கை. குருவாயூரில் வாங்கிய அடி அந்தக் கொள்கையை இன்னும் உறுதியாக்கியது.

750 மைல் நடை

1930-களில் மலபாரில் வேலை இல்லை. விளைபொருளுக்கு விலை இல்லை. நெசவாளிகள், பீடித் தொழிலாளிகள், குத்தகை விவசாயிகள் எல்லோர் வீட்டிலும் அடுப்பு அணைந்து கிடந்தது. கோபாலன் காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். தொழிலாளர் சங்கங்களை அமைத்தார்.

1936-ல் அவர் ஒரு புதுமையான காரியம் செய்தார். கண்ணனூரில் இருந்து சென்னைக்கு, ஒரு சிறு தொண்டர் குழுவுடன் நடந்தே புறப்பட்டார். தூரம் ஏறத்தாழ 750 மைல். அதற்குப் பட்டினி யாத்திரை என்று பெயர்.

கையில் காசு இல்லை. வழியில் ஊர்க்காரர்கள் கொடுப்பதுதான் சாப்பாடு. ஊருக்கு ஊர் கூட்டம். மலையாளத்தில் தொடங்கிய பேச்சு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டியதும் தமிழ் மாவட்டங்களில் நுழைந்தது. பாஷை மாறியது. பசி மாறவில்லை. கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

மனு எழுதி தபாலில் அனுப்பினால் அது ஏதாவது ஒரு மேஜையில் தூங்கும். மனிதர்களே மனுவாக நடந்து போனால் வழியில் உள்ள ஊர்கள் எல்லாம் அதைப் படிக்கும். இந்த உண்மையை அவர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். வாழ்நாள் முழுவதும் அவருடைய பெரிய ஆயுதம், கால் நடைதான்.

1938-ல் திருவிதாங்கூர் மக்கள் பொறுப்பாட்சி கேட்டுப் போராடினார்கள். அவர்களுக்கு ஆதரவாக மலபாரில் இருந்து தொண்டர் படையை நடத்திச் சென்றார். அங்கே கைது செய்யப்பட்டார்.

வேலூர் ஜெயிலில் இருந்து மாயம்

1939-ல் கோபாலன் கம்யூனிஸ்டு ஆனார். அதே ஆண்டு இரண்டாவது உலகப் போர் மூண்டது. போருக்கு எதிராகப் பேசியவர்களை வெள்ளைக்கார சர்க்கார் வேட்டை ஆடியது. பிடிபட்ட கோபாலன் வேலூர் ஜெயிலுக்கு வந்து சேர்ந்தார்.

1941-ல் ஒரு நாள் காலையில் ஜெயில் அதிகாரிகள் அதிர்ந்து போனார்கள். சுவரில் ஓட்டை. கோபாலனைக் காணோம்!

போர் முடியும் வரை போலீசாரால் அவரைப் பிடிக்க முடியவில்லை. பெயரை மாற்றிக் கொண்டு, தென்னாட்டை விட்டே போய் விட்டார். கான்பூர் போன்ற வடநாட்டு ஊர்களில், பாஷை புதிது, சாப்பாடு புதிது, பழகிய முகம் ஒன்றுகூட இல்லை என்ற நிலையில் தலைமறைவாக வாழ்ந்தார். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தத் தனிமை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவை இல்லை.

போர் முடிந்த பிறகு வெளியே வந்தார். கொஞ்ச காலத்தில் மறுபடியும் கைது. அப்படிக் கைதாகி உள்ளே இருந்தபோதுதான் நாடு விடுதலை அடைந்தது. கண்ணனூர் ஜெயிலில் கொடி ஏறியது.

சுதந்திர நாட்டில் சிறைவாசம்

சில வாரங்களில் கோபாலனை விடுதலை செய்தார்கள். ஆனால் 1947 டிசம்பரில் மறுபடியும் பிடித்தார்கள். இந்தத் தடவை பிடித்தது வெள்ளைக்காரன் அல்ல. ஒரு காலத்தில் அவரோடு சேர்ந்து ஜெயிலுக்குப் போன காங்கிரஸ்காரர்களின் சர்க்கார்.

சர்க்கார் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 1948-ம் ஆண்டுத் தொடக்கத்தில் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்டு கட்சி மாநாடு, புதிய சர்க்காரைக் கவிழ்க்கும் பாதையைத் தேர்ந்தெடுத்தது. தெலுங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்து கொண்டிருந்தது. நாடு பிரிந்து ரத்தம் சிந்திய நேரம். நாட்டைக் கட்டிக் காக்க வேண்டிய பொறுப்பு சர்க்காருக்கு இருந்தது.

கேள்வி அது அல்ல. ஒருவர் குற்றம் செய்தார் என்றால் கோர்ட்டில் நிறுத்தலாம், தண்டிக்கலாம். கோபாலன் மீதும் வழக்குகள் நடந்தன. தண்டனைகளும் விதிக்கப்பட்டன. மேல் விசாரணையில் அந்தத் தண்டனைகள் ரத்தாயின. ஆனாலும் அவர் வெளியே வர முடியவில்லை. குற்றம் செய்யக்கூடும் என்ற சந்தேகத்தின் பேரில், விசாரணை இல்லாமல் ஒருவரை எத்தனை காலம் பூட்டி வைக்கலாம்? இதுதான் கேள்வி.

1950-ம் ஆண்டு ஜனவரி மாதம் 26-ந் தேதி நாடு குடியரசு ஆயிற்று. அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. பேச்சு உரிமை, கூட்டம் கூடும் உரிமை, உயிருக்கும் உடலுக்கும் பாதுகாப்பு என்று அடிப்படை உரிமைகள் எழுத்தில் ஏறின.

அதற்கு 16 நாட்கள் கழித்து, பிப்ரவரி 11-ந் தேதி, சேலம் ஜெயிலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் பிணமானார்கள். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள்.

அதே மாதம் பாராளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 1-ந் தேதி, ஏற்கனவே காவலில் இருந்த கோபாலனிடம், அந்தச் சட்டத்தின் கீழ் புதிய உத்தரவு கொடுக்கப்பட்டது.

சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன கைதி

கோபாலன் அரசியல் சட்டத்தைக் கையில் எடுத்தார். 32-வது பிரிவின்படி, அடிப்படை உரிமை பறிபோனால் எந்தக் குடிமகனும் நேராக சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டலாம். அவர் தட்டினார். சுப்ரீம் கோர்ட்டு அப்போதுதான் பிறந்திருந்தது. அதன் முன் வந்த முதல் பெரிய உரிமை வழக்கு என்று சொல்லத்தக்கது, ஏ.கே.கோபாலனுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் இடையே நடந்த வழக்குதான்.

கோபாலனுக்காக வாதாடியவர், எம்.கே.நம்பியார். (பிற்காலத்தில் இந்தியாவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த கே.கே.வேணுகோபால், இவருடைய மகன்.) சர்க்கார் தரப்பில் அட்டர்னி ஜெனரல் செதல்வாத்தும், சென்னை அட்வகேட் ஜெனரல் ராஜா அய்யரும் வாதாடினார்கள். தலைமை நீதிபதி கனியா உள்பட 6 நீதிபதிகள் விசாரித்தார்கள். சென்னையைச் சேர்ந்த பதஞ்சலி சாஸ்திரியும் அவர்களில் ஒருவர்.

வழக்கின் சாரம் இதுதான். சட்டம் வகுத்த முறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்று 21-வது பிரிவு சொல்கிறது. பாராளுமன்றம் எந்த முறையை வகுத்தாலும் அது போதுமா? அல்லது அந்த முறை நியாயமானதாகவும் இருக்க வேண்டுமா? நியாயமாக இருக்க வேண்டும் என்றார் நம்பியார். ஒருவனைப் பூட்டி வைத்தால் அவனுடைய நடமாடும் உரிமையும் போகிறது. ஆகவே உரிமைகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றும் அவர் வாதாடினார்.

1950-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி தீர்ப்பு வந்தது. கோபாலன் தோற்றார். பாராளுமன்றம் சட்டம் செய்து, அதில் சொன்ன முறைப்படி அடைத்து வைத்தால் போதும். அந்த முறை நியாயமா என்று கோர்ட்டு கேட்க முடியாது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு. நீதிபதி பசல் அலி இதற்கு உடன்படவில்லை. உரிமைகள் ஒன்றோடு ஒன்று பின்னிப் பிணைந்தவை என்று அவர் தனியாக எழுதி வைத்தார்.

ஆனால் முழுத் தோல்வி என்று சொல்வதற்கும் இல்லை. காவலில் இருப்பவர், தன்னை எதற்காகப் பிடித்தார்கள் என்ற காரணத்தைக் கோர்ட்டில்கூட வெளியே சொல்லக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவு வாயைக் கட்டியிருந்தது. அந்தப் பிரிவு செல்லாது என்று 6 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். புதிய குடியரசின் பாராளுமன்றம் செய்த சட்டத்தில் ஒரு பகுதியை, ஒரு கைதியின் மனுவின் பேரில் கோர்ட்டு வெட்டி எறிந்தது. அப்படிச் செய்ய முடியும் என்பதையே மக்கள் அப்போதுதான் கண்டார்கள்.

கோபாலன் 1951-ல் சென்னை ஐகோர்ட்டின் மூலமாக விடுதலை பெற்றார். அதே ஆண்டு அவருடைய கட்சியும் ஆயுதப் பாதையைக் கைவிட்டு, தேர்தல் பாதைக்கு வந்தது.

எதிர்வரிசையில்

1952 பொதுத் தேர்தலில் கண்ணனூர்த் தொகுதி மக்கள் கோபாலனைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவரைப் பூட்டி வைத்திருந்த அதே ஆட்சியாளர்களுக்கு எதிரே, நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அந்த முதல் மக்கள் சபையில், எதிர்க்கட்சிகளில் பெரிய குழு கம்யூனிஸ்டுகள்தான். அந்தக் குழுவின் தலைவர் கோபாலன்.

அந்த ஆண்டுதான் அவர் சுசீலாவை மணந்தார். சுசீலா கோபாலனும் பிற்காலத்தில் பாராளுமன்ற உறுப்பினராகவும், கேரள மந்திரியாகவும் இருந்தார்.

1952 முதல் 1971 வரை நடந்த 5 பொதுத் தேர்தல்களிலும் கோபாலன் வெற்றி பெற்றார். கண்ணனூருக்குப் பிறகு காசர்கோடு, கடைசியாகப் பாலக்காடு. 1964-ல் கட்சி இரண்டாகப் பிளந்தபோது மார்க்சிஸ்டு கட்சிப் பக்கம் போனார். 1960-களின் நடுவில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் மறுபடியும் காவலில் வைக்கப்பட்டார்.

காப்பிக் கடை முதலாளிகள்

கோபாலன் செய்த காரியங்களில் இன்றும் கண்ணால் காணத்தக்கது ஒன்று உண்டு. அது, இந்தியன் காப்பி ஹவுஸ்.

1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காப்பி ஹவுஸ் திறக்கப்பட்டது. இந்தியக் காப்பியை மக்கள் விரும்பிக் குடிக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட கடை அது. பிறகு காப்பி போர்டு அவற்றை நடத்தியது. நாடு முழுவதும் பல ஊர்களில் கிளைகள் ஏற்பட்டன. 1950-களின் நடுவில், கடைகளை மூடி விடலாம் என்று போர்டு முடிவு செய்தது. வெள்ளை உடுப்பும் விசிறித் தலைப்பாகையும் அணிந்து காப்பி கொடுத்து வந்த தொழிலாளிகள், வேலை போய் தெருவில் நின்றார்கள்.

அவர்கள் கோபாலனிடம் போனார்கள். வேலை கொடு என்று போர்டின் வாசலில் கேட்டுக் கொண்டு நிற்பதோடு முடித்து விடாதீர்கள். நீங்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து, நீங்களே கடையை நடத்துங்கள் என்று அவர் வழி காட்டினார். மேஜை துடைத்தவனும், கணக்கு எழுதியவனும் பங்குதாரர்கள் ஆனார்கள்.

1957-ல் பெங்களூரில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு டில்லியிலும் பிறந்தது. அடுத்த ஆண்டு திருச்சூரில். பெங்களூர் மகாத்மா காந்தி ரோட்டில் இருந்த காப்பி ஹவுசை அறியாத பழைய பெங்களூர்வாசி கிடையாது. 2009-ல் அது சர்ச் தெருவுக்கு இடம் மாறியது. ஒரு கப் காப்பியை வைத்துக் கொண்டு மணிக்கணக்கில் அரசியல் பேசினாலும், எழுந்து போ என்று யாரும் சொல்லாத இடம் என்று காப்பி ஹவுஸ் பெயர் வாங்கியது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ஓட்டுப் போடுவதோடு குடிமகனின் வேலை தீர்ந்து விடவில்லை என்பதை, அந்த மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் தினமும் நிரூபித்தார்கள்.

அமராவதியில் உண்ணாவிரதம்

1961-ல் இடுக்கி நீர்மின் திட்டத்துக்காக, அய்யப்பன்கோவில் பகுதியில் குடியேறி விவசாயம் செய்து வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார்கள். குழந்தை குட்டிகளோடு அவர்களைக் கொண்டு போய், தமிழ்நாட்டு எல்லையில் குமுளிக்குப் பக்கத்தில் உள்ள அமராவதியில் விட்டார்கள். கொட்டும் மழை. ஒதுங்க ஒழுங்கான கூரை இல்லை.

கோபாலன் அங்கே போனார். அந்த மழையில், அந்த மக்களின் நடுவே, காலவரையற்ற உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 56. உடல்நிலையும் சரி இல்லை.

அங்கே ஓர் அதிசயம் நடந்தது. வடக்கன் பாதிரியார், 1959-ல் கேரளத்தின் கம்யூனிஸ்டு மந்திரி சபையை எதிர்த்து நடந்த போராட்டத்தில் முன்னணியில் நின்றவர். கம்யூனிஸ்டுகளைக் கண்டால் ஆகாதவர். அவரே அமராவதி மக்களுக்காகக் கோபாலனோடு சேர்ந்து குரல் கொடுத்தார். கொள்கையில் கீரியும் பாம்புமாக இருந்த இருவரை, ஏழைகளின் கண்ணீர் ஒரே மேடையில் ஏற்றியது. சர்க்கார் இறங்கி வந்தது. நிவாரணம் தருவதாக வாக்குறுதி கொடுத்தது. உண்ணாவிரதம் முடிந்தது.

அணை வேண்டாம் என்று கோபாலன் சொல்லவில்லை. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். ஆனால் அதன் விலையை, வாய் இல்லாத ஏழை மட்டும் கொடுக்கக் கூடாது என்றுதான் சொன்னார்.

சுவர் ஏறிக் குதித்தவர்

கோபாலனின் எல்லாச் செயல்களையும் எல்லோரும் ஏற்றுக் கொள்ளவில்லை. உச்ச வரம்புக்கு மேல் உள்ள நிலத்தை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்ற போராட்டத்தில், 1972-ல் திருவனந்தபுரம் முடவன்முகளில் உள்ள அரண்மனைத் தோட்டத்தின் சுவரை ஏறிக் குதித்து உள்ளே போனார். கைது செய்யப்பட்டார். வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர் சுவரைத் துளைத்து வெளியே போனவர், சுதந்திர நாட்டில் சுவர் ஏறி உள்ளே குதித்தார்.

சட்டம் செய்யும் சபையில் உட்கார்ந்திருப்பவரே சட்டத்தை மீறலாமா என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஓட்டு இருக்கிறது, கோர்ட்டு இருக்கிறது, பிறகு எதற்கு மீறல்?

கோபாலனின் வாழ்க்கை சொல்லும் பதில் இதுதான்: சட்டம் ஏட்டில் மட்டும் இருந்து, அதைக் கேட்க வேண்டியவனின் குரல் மேலே எட்டாமல் போனால், பகிரங்கமாக மீறி, தண்டனையை ஏற்றுக் கொண்டு, ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். அந்தப் பதிலை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் அவர் ஒளிந்து கொண்டு மீறவில்லை. கைதுக்குப் பயந்து ஓடவும் இல்லை என்பதை எதிரிகளும் ஒப்புக் கொண்டார்கள்.

நெருக்கடி நிலை

1975-ம் ஆண்டு ஜூன் மாதம் 25-ந் தேதி இரவு நெருக்கடி நிலை பிரகடனம் ஆயிற்று. தலைவர்கள் விடிவதற்குள் கைது செய்யப்பட்டார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. மிசா சட்டத்தின் கீழ் நாடெங்கும் ஜெயில்கள் நிரம்பின. 70 வயதைத் தாண்டி, உடல் தளர்ந்திருந்த கோபாலனையும் பிடித்தார்கள். ஒரு வாரம் வைத்திருந்து விட்டு விட்டார்கள்.

ஜூலை மாதம் பாராளுமன்றம் கூடியது. எதிர்வரிசையில் பல இடங்கள் காலி. உட்கார வேண்டியவர்கள் ஜெயிலில் இருந்தார்கள். கோபாலன் எழுந்தார். சக உறுப்பினர்கள் விசாரணை இல்லாமல் அடைபட்டிருப்பதையும், தான் பிடிக்கப்பட்டதையும் எடுத்துச் சொல்லி, நெருக்கடி நிலையை அடியோடு எதிர்த்தார். அடைபட்டிருந்தவர்களில் அவருடைய கட்சிக்காரர்களும் உண்டு. அவருடைய கட்சியைக் கடுமையாக எதிர்த்து வந்தவர்களும் உண்டு. எல்லோருக்காகவும் பேசினார். தணிக்கை காரணமாக, அந்தப் பேச்சைப் பத்திரிகைகளில் மக்கள் படிக்க முடியவில்லை.

1976 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் கை விரித்தது. நெருக்கடி நிலை இருக்கும் வரை, காவலில் உள்ளவர் கோர்ட்டில் விடுதலை கேட்க முடியாது என்று தீர்ப்பாயிற்று. 5 நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான் மாறுபட்டார்.

தோற்ற வழக்கு ஜெயித்த கதை

1977 மார்ச்சில் பொதுத் தேர்தல் நடந்தது. மக்கள் ஓசைப்படாமல் போய் ஓட்டுப் போட்டு, ஆட்சியை மாற்றினார்கள். மார்ச் 21-ந் தேதி நெருக்கடி நிலை நீக்கப்பட்டது. மறுநாள், 22-ந் தேதி, திருவனந்தபுரத்தில் ஏ.கே.கோபாலனின் உயிர் பிரிந்தது. கண்ணனூர் பையாம்பலம் கடற்கரையில் உடல் தகனம் செய்யப்பட்டது. விடுதலை பிறந்த நாளில் உள்ளே இருந்தவர், விடுதலை திரும்பி வந்த மறுநாள் விடைபெற்றார்.

அவர் தோற்ற வழக்கு மட்டும் சாகவில்லை. 1970-ல் வங்கிகள் தேசிய மய வழக்கில், உரிமைகளைத் தனித்தனிப் பெட்டியாகப் பார்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருந்தது. பசல் அலி 20 ஆண்டுகளுக்கு முன் தனியாக எழுதி வைத்தது பெரும்பான்மைத் தீர்ப்பு ஆயிற்று. கோபாலன் இறந்த 10 மாதங்களில், 1978 ஜனவரியில், மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் முறை, சட்டத்தில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. அது நியாயமாகவும், நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று கோர்ட்டு சொல்லி விட்டது. 1950-ல் நம்பியார் கேட்டது கிடைத்தது. 1976 தீர்ப்பையும், 2017-ல் 9 நீதிபதிகள் கொண்ட பெஞ்சு தவறு என்று தள்ளியது.

தடுப்புக் காவல் போய் விடவில்லை. 1950-ல் வந்த சட்டம் 1969 முடிவில் காலாவதி ஆயிற்று. 1971-ல் மிசா வந்தது. நெருக்கடி நிலைக்குப் பிறகு அதுவும் போயிற்று. 1980-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம். பிடித்த முறை நியாயமானதுதானா என்று இன்று கோர்ட்டு கேட்க முடியும். என்னை ஏன் பிடித்தார்கள் என்று கைதி வாய் திறந்து சொல்ல முடியும்.

அந்த வாயைக் கட்டியிருந்த முடிச்சை முதலில் அவிழ்த்தவர், கண்ணனூர் ஜெயிலில் கொடி ஏற்றிய அந்தப் பள்ளிக்கூட வாத்தியார்தான்.